சூரியன் திரும்பும் ராத்திரி: லாட்வியாவில் மிச்சம் இருப்பது என்ன?

வாசகர் கேள்வி, ஜூன் 11

கோடைக் கதிர்த்திருப்ப நாளை (வடக்கே போன சூரியன் திரும்பும் நாள், ஜூன் 21 வாக்கில்) ‘பழைய சமய’ முறையில் கொண்டாடுகிறோம் என்று ஐரோப்பாவிலிருந்து வருஷா வருஷம் படம் வருகிறது. தலையில் பூவளையம், நெருப்பு, வெள்ளைக் கவுன். எண்ணூறு வருஷமாகக் கிறிஸ்தவ நாடாக இருக்கும் இடத்தில் ஆதிச் சடங்கு எப்படி மிச்சம் இருக்கும்? நூறு வருஷத்துக்குள் யாரோ உட்கார்ந்து ஜோடித்தது என்பது என் கட்சி. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு

நான் லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். லாட்வியாவில் இதற்குப் பெயர் யாஞி. ஜூன் 23 லீகுவோ, 24 யாஞி, இரண்டும் அரசு விடுமுறை. பொங்கலுக்குச் சென்னை காலியாகிற மாதிரி ரீகா காலியாகும், எல்லோரும் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். நெருப்பு, பூவளையம், சீஸ், பீர், விடிய விடியப் பாட்டு. ஆயிரம் வருஷமாக இப்படியேதான். உங்கள் கட்சி தோற்றது.

ஜூன் 12

‘ஆயிரம் வருஷமாக இப்படியேதான்’ என்று நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆதாரம் உள்ளதை மட்டும் சொல்கிறேன்.

1201இல் ஆல்பெர்ட் என்ற ஜெர்மானிய பிஷப் ரீகாவை நிறுவினார். கிறிஸ்தவம் சிலுவைப் படையோடுதான் இந்த மண்ணுக்குள் வந்தது. யாஞி என்ற பெயரே யானிஸ், அதாவது திருமுழுக்கு யோவான். அவர் இயேசுவுக்கு ஆறு மாதம் மூத்தவர் என்பதால் டிசம்பர் 25க்கு எதிரே ஜூன் 24இல் அவருக்கு நாள் வைத்தார்கள். பெயரும் தேதியும் தேவாலயம் கொடுத்தவை. அதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் நூறு வருஷக் கணக்கு நிற்காது. ரெவால் நகரத்துப் பாதிரியார் பால்தசார் ருஸ்ஸோவ் 1578இல் லிவோனியாவின் வரலாற்றை அச்சிட்டார் (ரெவால்தான் இன்றைய எஸ்தோனியாவின் தாலின்; இன்றைய லாட்வியா, எஸ்தோனியா பகுதிக்கு அன்றைய பெயர் லிவோனியா). யோவான் நாளுக்கு முந்தைய இரவில் நாடெங்கும் நெருப்பு, அதைச் சுற்றி ஆட்டமும் பாட்டும் என்று எழுதியிருக்கிறார்.

அப்புறம் பாட்டு. கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் என்பவர் 1894 முதல் 1915 வரை அச்சிட்ட தொகுப்பில் 2,17,996 நாட்டுப்பாடல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் நாலே அடி. துண்டுச் சீட்டில் எழுதிய பாட்டுகளைப் பிரித்து அடுக்க 1880இல் அவர் செய்துகொண்ட அலமாரி இப்போது ரீகாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2001இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. நான் போய்ப் பார்த்தேன். நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றால் வருமே ஒரு நிறைவு, அது வந்தது.

அந்தப் பாட்டுகளில் வரும் யானிஸ் ஞானஸ்நானம் கொடுப்பவர் இல்லை. கடவுளின் மகன், குதிரைமேல் வருகிறவன், வருஷம் பூராவும் வந்துகொண்டே இருந்து இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவன். பெயரைத் தேவாலயத்திடமிருந்து வாங்கிக்கொண்டு ஆளைத் தங்கள் ஆளாகவே வைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 13

நமக்கும் இப்படி நாள் உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறதே, ஆடி 1. தட்சிணாயனப் பிறப்பு. அதே நாள்தான்.

ஜூன் 14

அதே நாள் இல்லை! ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஆடி 1 ஜூலை நடுவில் வருகிறது, சூரியன் திரும்புவதோ ஜூன் 21 வாக்கில். மூன்றரை வாரம் இடிக்கிறது.

காரணம் இதுதான். நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ராசியைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுவதால் திருப்ப நாள் நட்சத்திரங்களுக்கு எதிரே 72 வருஷத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. இதுவரை சேர்ந்த வித்தியாசம் சுமார் 24 பாகை, அதைத்தான் அயனாம்சம் என்கிறோம். சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால் கடகப் பிறப்பும் (அதாவது ஆடி 1) நிஜத் திருப்பமும் ஒரே நாளில் விழுந்தன. லாட்வியர்களும் மூன்று நாள் தள்ளித்தான் கொண்டாடுகிறார்கள். வானத்துக்கு இது ஒரு பொருட்டில்லை.

ஜூன் 16

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, ‘தியெவ்துரீபா என்ற பேகன் சமயமே 1925இல்தான் தொடங்கியது, ஒத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். எர்னெஸ்ட்ஸ் பிராஸ்தின்ஷ் என்ற ஓவியர் அந்த நாட்டுப்பாடல்களையே வேதமாக எடுத்துக்கொண்டு கட்டிய சமயம் அது. தியெவ்ஸ், மாரா, லைமா என்று தெய்வங்கள். 1940இல் சோவியத் அவரைக் கைது செய்தது, 1942இல் கொன்றுவிட்டார்கள். முதலில் நானும் உங்களைப் போலத்தான், ‘எழுதிச் செய்த சமயம்’ என்று ஒதுக்கினேன். அதற்காக ஒரு மனிதர் செத்தார் என்று தெரிந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் யாஞி கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சமயத்தில் இல்லை. லுத்தரன், கத்தோலிக்கர், ஒன்றும் நம்பாதவர்கள், எல்லோரும் ஓக் வளையம் வைத்துக்கொண்டு நெருப்பைச் சுற்றி நிற்கிறார்கள். நான் வருஷா வருஷம் போவது கூட வேலை செய்யும் தோழியின் பாட்டி வீட்டுக்கு. கவுயா ஆற்றுப் பக்கம், த்ஸேசிஸ் ஊருக்கு வெளியே பண்ணை. பாட்டிக்கு எண்பத்து நாலு. எல்லோரையும் போல நானும் ‘ஓமீத்தே’ என்றுதான் கூப்பிடுகிறேன், அப்பத்தா என்கிற மாதிரி. சோவியத் காலத்தில், 1960களின் தொடக்கத்தில், லீகுவோவைக் காலண்டரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த வருஷங்களிலும் இவர்கள் வீட்டில் நெருப்பு நின்றதில்லை. ‘யாராவது கேட்டால் களைக் குப்பை எரிக்கிறோம் என்போம்’ என்றார். ‘களைக் குப்பையைச் சுற்றி எதுக்குப் பாட்டு என்று கேட்டால்?’ என்றேன். ‘கேட்க வந்தவனும் பாட்டு தெரிஞ்சவன்தான்’ என்றார்.

ஜூன் 17

எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து போனது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கடவுளுக்கு அங்கே தியெவ்ஸ், இங்கே தேவ; நெருப்புக்கு அங்கே உகுன்ஸ், இங்கே அக்னி. ஒலி ஒத்துப்போவது உண்மை. ஆனால் இங்கிருந்து அங்கே போனதில்லை, இரண்டும் ஒரே மூதாயின் பேத்திகள். ஒரு வித்தியாசம் பாருங்கள்: லாட்விய மொழியில் சூரியன் பெண். சவுலே. அம்மா. நிலாதான் ஆண்.

ஜூன் 18

இந்த வருஷம் இந்தப் பக்கம் வருகிறவர்கள் கவனியுங்கள்: உண்ணி. ஆட்டு மேல் இருக்குமே, அதே சாதி. இங்கே அது மூளைக்காய்ச்சல் கிருமியைச் சுமக்கும். தடுப்பூசி உண்டு, மூன்று தவணை, முன்கூட்டியே போட வேண்டும். இரண்டாம் வருஷம் நான் செருப்போடு புல்லில் திரிந்தேன். மறுநாள் முழங்காலுக்குப் பின்னால் மிளகு மாதிரி ஒன்று. ஒரு மருத்துவமனையில் ‘நாளைக்கு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஓமீத்தேதான் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தார். மூன்று வாரம் பயந்துகொண்டு கிடந்தேன், ஒன்றும் ஆகவில்லை. முழுக்கால் சட்டை, காலுறை. பூவளையம் அப்புறம்.

ஜூன் 21

இங்கே பண்ணை வீடும் ஓக் மரமும் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டவருக்கு. நெருப்பு மூட்டச் சொல்ல மாட்டேன். நான் தனியாகச் செய்வது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

ஒரு மீட்டர் கோலை நட்டுக்குத்தாக நிறுத்துவேன். சூரியன் உச்சிக்கு வரும்போது நிழலை அளந்து நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான். ரீகாவில் உச்சி கோடை நேரப்படி மதியம் 1:26க்கு. இன்றைக்கு 66 சென்டிமீட்டர், வடக்கே. ஆறாவது வருஷமாக அதே எண். அந்த நிமிஷம் எனக்குள் ஒரு நிசப்தம் வரும், கோயிலில் திரை விலகும்போது வருமே அந்த மாதிரி. இன்றைக்குப் பகல் பதினேழே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். நாளையிலிருந்து குறைய ஆரம்பிக்கும். டிசம்பரில் இங்கே பகல் ஆறே முக்கால் மணிதான் என்பதை அனுபவித்தவர்களுக்கு இந்த நாளில் தொண்டை அடைக்கும்.

தமிழ்நாட்டில் அளந்தால் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. சொல்ல மாட்டேன், அளந்து பாருங்கள்.

ஜூன் 22

அம்மா அளந்துவிட்டார்! கோபிசெட்டிபாளையத்தில் வீட்டு வாசலில், தையல் கடை மீட்டர் கோலை வைத்து. நட்டுக்குத்தா நிற்கிறதா என்று பார்க்க நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாராம். 12:22க்கு போன் வந்தது.

“ஏங்கண்ணு, நெழலு தெக்கால விழுகுது!”

ஆமாம். நம்ம ஊருக்கு மேலே சூரியன் ஏப்ரலிலேயே தலைக்கு நேராக வந்துவிட்டு வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்டில்தான் திரும்ப வரும். ஜூன் 21இல் அது நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே. 21 சென்டிமீட்டர். அறுபத்தாறு வயது வரை அந்த வாசலில் கோலம் போட்டவர், இதைக் கவனித்ததே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சாயங்காலம் ரீகா டோம் சதுக்கத்தில் மூலிகைச் சந்தை. வேலிப் பூ, காட்டுப் புல், ஓக் கிளை, பிர்ச் கிளை கட்டுக்கட்டாக. பிர்ச் கிளையை வாசலில் நடுவார்கள், கெட்டது அண்டாமல் இருக்க ரோவன் கிளையைச் செருகுவார்கள். நான் கொங்கு நாட்டுக்காரி. போகியன்றைக்குப் பூளைப்பூ, ஆவாரை, வேப்பிலை சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டி வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் வருஷம் ஓமீத்தே கிளையை நீட்டியதுமே கை தானாக நிலைப்படிக்கு மேலே போனது.

ஜூன் 24, காலை

வீடு வந்தேன். தூங்கவில்லை. மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. எழுதுகிறேன்.

ஜூன் 25

இப்போது விவரமாக.

23ஆம் தேதி காலையில் சீஸ். அஞ்சு லிட்டர் பால், ஒரு கிலோ பியெஸ்பியென்ஸ். அது புளித்த பாலைத் திரித்து வடித்த கட்டி, புளிப்பு ஏறிய பனீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் பொங்குவதற்குச் சற்று முன்பு அதை உதிர்த்துப் போட்டு, அடி பிடிக்காமல் கிளறினால் தெளிந்த பச்சை மஞ்சளாக நீர் பிரியும். துணியில் வடித்து, திரும்பச் சட்டியில் போட்டு, வெண்ணெய், முட்டை, உப்பு, கேரவே விதை. கேரவே சீரகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, கடித்தால் கொஞ்சம் சோம்பு வாசம் வரும். திரட்டுப்பால் பதம் வந்ததும் ஈரத் துணியில் மூட்டை கட்டி, முடிச்சை இறுக்கி முறுக்கி, மேலே பலகை, பலகை மேல் கல். அவிழ்க்கும்போது பாருங்கள்: துணி மடிப்புகள் நடுவிலிருந்து நாலாபக்கமும் கோடு இழுத்திருக்கும். வட்டமான மஞ்சள் சூரியன். போன வருஷம் வரை என்னை விதை போட மட்டும் விட்டார்கள். இந்த வருஷம் முடிச்சு நான் போட்டேன். ‘இறுக்கு, இன்னும் இறுக்கு’ என்று ஓமீத்தே பக்கத்திலேயே நின்றார்.

மதியம் வளையம் கட்டுவது. ஆணுக்கு ஓக் இலை, பெண்ணுக்குப் பூ. போன வருஷத்து வளையங்கள் காய்ந்து சுவரில் தொங்கும், அவை இந்த வருஷ நெருப்புக்கு. என் பழைய வளையத்தில் நீலப்பூ நிறம் போய் வைக்கோலாக இருந்தது. அதை எறியும்போது, போன வருஷம் எனக்கு நடந்த ஒரு கஷ்டத்தையும் (அதை இங்கே எழுத மாட்டேன்) அதோடு சேர்த்து எறிந்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அது என் சடங்கு.

சாயங்காலம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்காரம்மா யாஞி அம்மா, வீட்டுக்காரர் யாஞி அப்பா, வருகிறவர்கள் யாஞி பிள்ளைகள். அம்மா சீஸ் கொடுப்பார், அப்பா பீர் கொடுப்பார். ஒவ்வொரு அடியும் ‘லீகுவோ, லீகுவோ’ என்று முடியும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கும்மிப் பாட்டில் போலத்தான்.

சூரியன் மறைவதற்கு முன்பே நெருப்பு ஏற்றியாக வேண்டும், உதிக்கும் வரை அணையக் கூடாது. உயரமான கம்பத்தின் உச்சியிலும் ஒன்று ஏற்றினார்கள். அந்த வெளிச்சம் எதுவரை விழுகிறதோ அதுவரை வயல் விளையும் என்பது நம்பிக்கை. பத்தரை வாக்கில் சூரியன் இறங்கியது, ஆனால் இருட்டவில்லை. வடக்கு வானம் ராத்திரி பூராவும் வெளுத்தே கிடக்கும். அந்த வெளிச்சம் கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே போவதை உட்கார்ந்து பார்க்கலாம்.

நடு ராத்திரிக்கு மேல் ஜோடிகள் பெரணிப் பூ தேடக் காட்டுக்குள் போவார்கள். பெரணி பூப்பதில்லை, அதற்கு விதையும் இல்லை, வித்துத்தூள்தான். எல்லோருக்கும் தெரியும். தேடப் போகிறவர்களுக்கும் தெரியும், பூ கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை.

யாஞி ராத்திரி தூங்கினால் கோடை பூராவும் தூங்கி வழிவாய் என்பார்கள். மூன்று மணிக்கு எனக்குக் கண் சொருகியது. மழை வலுத்து நெருப்பு சீறியது. பிள்ளைகள் எல்லோரும் கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். ஓமீத்தே மட்டும் குடை பிடித்துக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்திலேயே நின்றார், குடை அவருக்கு இல்லை, நெருப்புக்கு. நான் போய்க் காய்ந்த கட்டை எடுத்து வந்து கொடுத்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். மெல்லிய குரலில் ஒரு பாட்டு பாடினார். ‘வருஷம் முழுக்கப் பாட்டுச் சேர்த்தேன், யாஞி நாளுக்குக் காத்திருந்து’ என்று தொடங்கும்.

நாலரைக்குச் சற்று முன்பு மேகத்துக்குக் கீழே ஒரு விரல் அகலம் திறந்து சூரியன் வந்தது. யாஞி காலையில் சவுலே ஆடுவாள் என்பது பாட்டு. ஆற்றுப் பக்கத்து மூடுபனியும் எங்கள் புகையும் சேர்ந்து அசைய, வட்டத்தின் விளிம்பு நடுங்கியது. பெண்கள் எல்லோரும் குனிந்து புல்லில் இருந்த பனித்துளியைக் கையில் வழித்து முகம் கழுவினோம். ஜில்லென்று எலும்புவரை இறங்கியது.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அங்கே மணி ஏழு.

“ஏஞ்சாமி, ராத்திரி பூராத் தூங்கலையா?”

“தூங்கக் கூடாதும்மா.”

“செவராத்திரியாட்டமா?”

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஓமீத்தேவைப் பார்த்துக் கும்பிட்டார். ஓமீத்தே ஒரு துண்டு சீஸை போனுக்கு நேராக நீட்டினார்.

ஜூன் 27

ஒன்றை விட்டுவிட்டேன். யாஞிக்கு முன்னால் தோட்டத்தில் களை எடுத்து முடித்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் வருகிறவர்கள் அதை வைத்தே பாட்டுக் கட்டிக் கேலி செய்வார்கள், பதிலுக்கு வீட்டுக்காரர்கள் அவர்களைக் கேலி செய்வார்கள். யார் ஜெயித்தது என்று அடுத்த வருஷம் வரை பேச்சு. இந்த வருஷம் மாட்டியது என் பேரில் விட்டிருந்த வெங்காயப் பாத்தி. தெற்கிலிருந்து வந்த பெண் வெங்காயத்தை ஒளித்து வைத்திருக்கிறாள், திருடன் வந்தாலும் தேட முடியாது என்று அந்த இடத்திலேயே கட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியாளைக் கேலி செய்ய மாட்டார்கள், விருந்தாளியாக உட்கார வைப்பார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என்மேல் பாட்டு விழுந்திருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு: அந்தப் பாட்டு அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் பிறந்தது. ராகமும் ‘லீகுவோ’வும் பரோன்ஸ் காலத்துக்கும் முந்தியவை. இதைப் பழசில் சேர்ப்பீர்களா, புதுசிலா? 12ஆம் தேதி ஆண்டுகளை அடுக்கி உங்களோடு வழக்காடினேனே, அதை இப்போது படித்தால் ஏதோ சொத்துத் தகராறு மாதிரி இருக்கிறது. நெருப்புக்குக் குடை பிடித்ததை முதலில் எழுதியிருக்கலாம்.

ஜூலை 17

ஆடி 1. அம்மா தேங்காய் சுட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். இங்கே பகல் அதற்குள் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் குறைந்துவிட்டது. வாசல் பிர்ச் கிளை காய்ந்துவிட்டது, இன்னும் எடுக்க மனசு வரவில்லை.

டிசம்பர் 21

இந்தக் கேள்வி-பதில் இழை தூங்கிவிட்டது, இருந்தாலும் இதை இங்கேதான் போட வேண்டும்.

மதியம் கோலை நட்டேன். மேகம். நிழலே இல்லை. வெயில் இருந்திருந்தால் ஒரு மீட்டர் கோலுக்குக் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நிழல், முற்றம் தாண்டிப் போயிருக்கும். அம்மாவிடமிருந்து செய்தி முன்பே வந்திருந்தது: ‘இன்னிக்கு வடக்கால. எழுவது.’

நோட்டைத் திருப்பினேன். ஜூன் 21, ரீகா, வடக்கே 66. டிசம்பர் 21, கோபி, வடக்கே 70. ரீகாவின் உச்சிக் கோடையில் சூரியன் ஏறும் உயரமும் கோபியில் மார்கழிச் சூரியன் ஏறும் உயரமும் ஒரு பாகைச் சொச்சம்தான் வித்தியாசம். ஆறு வருஷமாக அளக்கிறேன், இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. உடனே கூப்பிட்டுச் சொன்னேன்.

“அப்ப நீங்க அங்க ராவெல்லாம் முழிச்சிருந்து நெருப்பு மூட்டிக் கும்புடறது எங்க மார்கழிச் சூரியனையா?” என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை த்ஸேசிஸ் போகிறேன். ஓமீத்தேவிடம் சொல்ல வேண்டும்.